தாயம் விழாமல் கப்பல் கிளம்பாது

கப்பல் துறையை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் முதலில் தாயம் விழ வேண்டும். இந்தச் சட்டத்தை யார் கொண்டுவந்தது என்று கேட்டால் எங்கள் நாலு பேருக்கும் நாலு ஞாபகம். அதனால் நடந்ததை நடந்த வரிசைப்படியே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

முதலில் எந்தக் கப்பல் என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் இங்கே, நாங்கள் பிழைக்க வந்த நாட்டில், டிவியில் 'அரோரா ஃபெர்ரி' என்று ஒரு தொடர் வந்தது. கிரகத்துக்குக் கிரகம் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் ஓர் ஓட்டை விண்கப்பலின் கதை. நம் ஊர் டவுன் பஸ் ஆகாயத்தில் போனால் எப்படியோ அப்படி. இரண்டாவது வருஷமே சேனல்காரன் நிறுத்திவிட்டான். பார்த்தவர்கள் விடவில்லை. ஒரு கம்பெனி அந்தத் தொடரை மேசையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டாக்கிப் புத்தகம் போட்டது. இதில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நடுவர். அவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் கப்பல் சிப்பந்திகள். 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொன்னால் போதும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலித்தது, சின்ன எண் விழுந்தால் இல்லை.

இனி ஆட்கள். ரூஃபஸ் நாகர்கோவில்காரன். அவனும் நானும் ஒரே ஆபீசில், இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் இருக்கும் தேதிகளைத் திருத்தும் வேலையில் இருந்தோம். 'அரோரா ஃபெர்ரி'யின் எல்லாப் பகுதிகளையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். என் ரூம்மேட் நஞ்சப்பன் பொள்ளாச்சிப் பக்கம். பேச்சு குறைவு, சாப்பாடு நிறைவு. நான் மணியன், தாராபுரம். நாலாவது, ரூஃபஸின் மனைவி ஜெயலீலா. நாகர்கோவிலில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இங்கே கணவனோடு வந்த மனைவிக்குக் கொடுக்கும் எச்-ஃபோர் விசாவில் வந்தார். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. ஆகவே பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மாடி அபார்ட்மென்டில், பார்க்கிங் லாட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி சும்மா உட்கார்ந்திருந்தது.

புத்தகத்தை ரூஃபஸ் டவுன் லைப்ரரியில் பழசைத் தள்ளிவிடும் விற்பனையில் பிடித்துவந்தான். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு புத்தகத்தில் ஓரிடத்தில் ரூஃபஸ் நின்றுவிட்டான்.

“ஒண்ணும் இருபதும் விசேஷ எண்ணுன்னு போட்டிருக்கான். என்ன விசேஷம்னு பக்கம் முப்பத்தொண்ணுல பாக்கணுமாம்.”

“பாருங்க,” என்றேன்.

“முப்பத்தொண்ணாம் பக்கம் இல்ல மக்கா. எவனோ கிழிச்சிட்டான்.”

“ஆபீஸ்ல யாரையாவது கேக்கலாமில்ல? அந்த நெட்வொர்க் பையன் இதெல்லாம் ஆடுவான்.”

ரூஃபஸ் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். “பகடையில ஒண்ணு விழுந்தா என்னான்னு வெள்ளக்காரன்கிட்ட போய்க் கேக்கவா? நம்ம மானம் என்னாவும் சொல்லு.”

ஜெயலீலா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வந்தார். “இதுக்கு எதுக்கு புக்கு? ஒண்ணு விழுந்தா தாயம்.”

“ஆமாங்கக்கா,” என்றான் நஞ்சப்பன். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது. “தாயம் விழுகாம காயே எறங்காதுங்களே.”

“அப்ப தாயம் விழாம கப்பலும் கிளம்பப்பிடாது,” என்றான் ரூஃபஸ்.

நான் எழுந்து நின்று, “அதுவும் கேப்டன்தான் உருட்டணும். கதையில ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்,” என்றேன் என்பது என் ஞாபகம். மற்ற மூவரும் மறுக்கிறார்கள்.

இருபது விழுந்தால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. தாயம் விழுவதற்கு முன்னால் எத்தனை பெரிய எண் விழுந்தும் என்ன பிரயோஜனம்? வீண். கைக்கு வந்த பெரிய எண் வீணாய்ப் போவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு உண்டா? எனவே இருபது விழுந்தால் எல்லோரும் ஒன்றாக 'சே' சொல்ல வேண்டும் என்று முடிவானது. நாகர்கோவிலும் பொள்ளாச்சியும் தாராபுரமும் குழம்பில் புளி எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. இதில் ஒரே நிமிஷத்தில் ஒத்துப்போயின.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை. கிழிந்துபோன அந்தப் பக்கத்தின்படி இருபது என்றால் மகத்தான வெற்றி. ஒன்று என்றால் சர்வநாசம். அதாவது ஒரு வருஷம் பூராவும் நாங்கள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே திருவிழா பார்த்திருக்கிறோம். அப்போது அது எங்களில் யாருக்கும் தெரியாது.

“எங்க சபையில தாயக்கட்டை உருட்டப்பிடாது, பாத்துக்கோ,” என்று ஜெயலீலா மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இதுக்கு இருபது. இருபது பக்கத்தப் பத்தி பாஸ்டர் ஒண்ணும் சொல்லல்லியே,” என்றான் ரூஃபஸ். அந்தச் சந்தேகம் பஜ்ஜியோடு தீர்ந்தது.

அடுத்தது, யார் கேப்டன். ரூஃபஸ் நடுவர். நஞ்சப்பன் எஞ்சின் மெக்கானிக் ஆக வேண்டும் என்றான். நான் பண்டகசாலை கேட்டு வாங்கிக்கொண்டேன். மிச்சம் இருந்தது கேப்டன் நாற்காலியும் ஜெயலீலாவும்.

“என் பேரு வேண்டாம்,” என்றார் அவர். “யாரும் எதுத்துப் பேசாத பேரா ஒண்ணு சொல்லுங்க.”

நஞ்சப்பன் யோசித்தான். “எங்க பெரியம்மா பேரு சாந்தாமணிங்க்கா. அவிய ரோட்டோரம் நின்னா, ஸ்டாப் இல்லீன்னாலும் பஸ்ஸு நின்னுரும்.”

“கேப்டன் சாந்தாமணி,” என்று ஜெயலீலா சொல்லிப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. “ஆங். இருக்கட்டும்.”

அன்று உருட்டினார். பதினாலு. கப்பல் கிளம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது, மூன்று, பதினெட்டு. கிளம்பவில்லை. அதற்கடுத்த வாரம் இருபது விழுந்து எல்லோரும் 'சே' என்றோம். இருபது முகப் பகடையில் குறிப்பிட்ட ஒரு முகம் விழுவது என்பது, பக்கத்து ஊர் எடிசனில், நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் கிடைப்பது மாதிரி. நாள் தள்ளும்.

ஆனால் கப்பல் சும்மா நின்றால் சிப்பந்திகளும் சும்மா இருப்பார்களா? நாங்கள் நின்ற துறையின் பெயர் கெல்வின். எந்தக் கிரகத்திலும் ஒட்டாமல் நடு வானத்தில் மிதக்கும் துறைமுகம். எங்கள் சரக்கு டீத்தூள். மூட்டைகள் கெட்டுவிடும் என்று நான் பயந்தபோது கேப்டன் சாந்தாமணி, கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து டீக்கடை போடச் சொன்னார். நஞ்சப்பன் எஞ்சினின் வெந்நீர்க் குழாயைக் கடைக்குத் திருப்பினான். நாலு கை உள்ள துறை அதிகாரி ஒருவர் தினமும் வந்து நாலு டம்ளர் குடித்துவிட்டு ஒரு டம்ளருக்குக் காசு கொடுப்பார். கேப்டன் அவரிடம் பேரம் பேசித் துறை வாடகையைப் பாதியாக்கினார். இரண்டு கிரகத்துச் சம்பந்திகள் கல்யாண ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்று துப்பாக்கியை உருவியபோது கேப்டன் நடுவில் போய் நின்று, இரண்டு குடும்பத்தையும் டீக்கடை வரிசையில் நிற்க வைத்தார். கடத்தல்காரன் ஒருவனையும் அதே வரிசையில் நிற்க வைத்தே பிடித்தார்.

இந்த விளையாட்டில் எந்தத் திறமையைப் பயன்படுத்துகிறோமோ அதற்கு அவரவர் விவரத் தாளில் புள்ளி ஏறும். கேப்டன் சாந்தாமணியின் தாளில் பேரம் ஒன்பது, பஞ்சாயத்து ஒன்பது, வரிசையில் நிறுத்துதல் பத்து. இந்தக் கடைசித் திறமை புத்தகத்தில் இல்லை, ரூஃபஸ் கையால் எழுதிச் சேர்த்தது. கப்பல் ஓட்டுதல், பூஜ்யம்.

கோடையில் ஒரு சனிக்கிழமை தாயம் விழுந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு குஜராத்தி அங்கிள் மேலே வந்து இந்தியா ஜெயித்துவிட்டதா என்று கேட்டார். கப்பல் கிளம்பிப் பக்கத்துத் துறைக்குப் போனது. அங்கேயும் டீக்கடை போட்டோம். மறுபடி ஒரு தாயம் விழுந்ததும் கெல்வினுக்கே திரும்பிவந்தோம். நாலு கை அதிகாரி எங்களைத் தேடிவிட்டார்.

அந்தச் சமயம்தான் எடிசனில் ஒரு வீட்டில் சீமந்த விருந்து. ஒரு ஆன்ட்டி ஜெயலீலாவிடம், “நீ என்னம்மா பண்றே? ஒர்க் பண்றியா, ஆத்துலயா?” என்று கேட்டார். நானும் ரூஃபஸும் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நின்றோம். வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஜெயலீலாவின் முகம் இறங்கும்.

“கப்பல்ல கேப்டனா இருக்கேன் ஆன்ட்டி.”

ரூஃபஸுக்குப் புரையேறியது.

“மெர்ச்சன்ட் நேவியா?”

“கிட்டத்தட்ட அதுதான்.”

“ஆத்துக்காரரை விட்டுட்டு ரொம்ப நாள் போகணுமோ?”

“இல்ல ஆன்ட்டி. பெரும்பாலும் துறையிலதான் நிக்கும்.”

காரில் திரும்பும்போது மூவரும் சிரித்துச் சிரித்து ரூட் இருபத்தேழு சாலையில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவற விட்டோம். சிரிப்பு அடங்கியதும் ஜெயலீலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சிரிக்கியளா? இந்த நாட்டுல எனக்குக் கெடச்ச ஒரே வேலை இது. போயிரப்பிடாது.”

அடுத்த வசந்தத்தில் ரூஃபஸ் ஒரு துண்டுத்தாளோடு வந்தான். அந்த விளையாட்டுப் புத்தகம் போட்ட கம்பெனி எடிசனில், ரூட் ஒன் சாலையில் ஒரு ஹோட்டலில் ஒருநாள் போட்டி வைக்கிறது. மூன்று மேசை. மூன்றிலும் ஒரே கதை. அவரவர் கேப்டனைக் கொண்டுவரலாம். கதை முடியும்போது உயிரோடு இருக்கும் கேப்டன்களின் பெயர் அடுத்த புத்தகத்தில் அச்சாகும். செத்துப்போகும் கேப்டனின் தாளை அங்கேயே, எல்லோர் முன்னாலும், சொந்தக்காரரே கிழித்துவிட வேண்டும்.

“கிழிக்கணுமா?” என்றார் ஜெயலீலா.

“ரூலு அப்படி.”

“போகாண்டாம்.”

“புக்குல பேரு வரும் லீலா. அச்சுல. 'கேப்டன்'னு போட்டு.”

ஜெயலீலா பஜ்ஜி மாவை ஒரு நிமிஷம் சும்மாவே கலக்கினார். “அப்ப அந்தத் தாள லேமினேட் பண்ணிக் கொண்டா.”

ரூஃபஸ் ஆபீஸ் மெஷினில் இரண்டு தடவை லேமினேட் பண்ணினான். தாள், பலகை மாதிரி நின்றது.

ஹோட்டல் ஹாலில் பாதிப் பேர் வேஷத்தில் இருந்தார்கள். ஒருவர் முகம் பூராவும் வெள்ளிப் பெயின்ட். இன்னொருவருக்கு நெற்றியில் ரப்பர்க் கொம்பு. ஜெயலீலா அரக்குக் கரை போட்ட கைத்தறிச் சேலையும் ஸ்னீக்கர்ஸும் போட்டு வந்திருந்தார். கொம்புக்காரர் அவரைச் சுற்றி வந்து மரியாதையாகக் கேட்டார்: “அற்புதமான உடை. இது எந்தக் கிரகம்?”

“நாகர்கோவில்,” என்றார் ஜெயலீலா.

“ஓ,” என்றார் அவர், தெரிந்தது போல. “இரண்டாவது சீசனா?”

எங்கள் மேசைக்கு நடுவர் கம்பெனியிலிருந்தே வந்திருந்தார். பெயர் டொமினிக், ஊர் பேயோன். நாற்காலி கொள்ளாத உடம்பு, தோளில் வார் மாட்டிய பேன்ட், வயிற்றிலிருந்து கிளம்பும் சிரிப்பு. அன்று ரூஃபஸும் எங்களோடு சிப்பந்தியாக, கப்பல் டாக்டராக உட்கார்ந்தான். டொமினிக் லேமினேட் பண்ணிய தாளைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

“செத்தால் இதை எப்படிக் கிழிப்பீர்கள்?”

“சாக மாட்டா,” என்றார் ஜெயலீலா இங்கிலீஷில்.

டொமினிக் எழுந்து போய், ரிசப்ஷனிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோல் வாங்கிவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கதையைத் தொடங்கினார். இடம், கெல்வின் துறை. காலை நேரம். கப்பல் தயார். வழியில் எதிரிகள் இருக்கலாம் என்று வதந்தி. “கேப்டன், என்ன செய்கிறீர்கள்?”

“உருட்டறேன்,” என்றார் ஜெயலீலா.

“எதற்கு?”

“கிளம்பறதுக்கு.”

கிளம்ப உருட்ட வேண்டியதில்லை என்று டொமினிக் சொல்ல வாயெடுப்பதற்குள் பகடை உருண்டுவிட்டது. இருபது.

“சே!” என்றோம் நாலு பேரும்.

டொமினிக் துள்ளிவிட்டார். “இருபது! இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது! எஞ்சின் பாட்டுப் பாடுகிறது, வழி திறந்து கிடக்கிறது, கப்பல் பட்டு மாதிரி...”

“இல்லை,” என்றார் ஜெயலீலா வருத்தமாக. “இன்னைக்குக் கிளம்ப முடியாது. நாளைக்குப் பாக்கலாம். நஞ்சப்பா, டீக்கடையத் தெற.”

“சரிங்க்கா.”

டொமினிக் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் வேடிக்கை பண்ணவில்லை என்று தெரிந்ததும் தன் குறிப்புகளைப் புரட்டினார். இருபது விழுந்தும் கிளம்ப மறுக்கும் கேப்டனுக்கு அவரிடம் குறிப்பு இல்லை.

மற்ற இரண்டு மேசைகளும் முதல் ஐந்து நிமிஷத்திலேயே பாய்ந்து கிளம்பியிருந்தன. அங்கேயிருந்து குண்டுச் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் நான் சர்க்கரை அளந்தேன். நாலு கை அதிகாரி வந்தார். டொமினிக்குக்கு அவரைத் தெரியாது, நாங்கள்தான் அறிமுகம் செய்துவைத்தோம். கேப்டன் அவரிடம் பழைய டீ பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தார். டொமினிக் முதலில் திகைத்தார், பிறகு அதிகாரியாகவே மாறி நாலு கையையும் ஆட்டிப் பேரம் பேசத் தொடங்கினார். பேரத்தில் தோற்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “என் அம்மாவிடம்கூட நான் இப்படித் தோற்றதில்லை,” என்றார்.

இதற்குள் வெள்ளிமுகத்துக்காரர் மேசையில் ஓர் அலறல். அவருடைய கேப்டனை எதிரிகள் மறைந்திருந்து சுட்டுவிட்டார்கள். அவர் எழுந்து நின்று தாளை நடுவில் கிழித்தார். வெள்ளிப் பெயின்டில் இரண்டு கோடு இறங்கியது. ஜெயலீலா லேமினேட் தாளைக் கத்தரிக்கோலிடமிருந்து நகர்த்தி வைத்தார்.

டொமினிக் தொண்டையைக் கனைத்தார். “நல்லது. கிளம்பியவர்களுக்கு எதிரிகள். கிளம்பாதவர்களுக்கு இது.” கதையின் இரண்டாம் பாதி வந்தது. கெல்வின் துறையின் உலை பழுதாகிவிட்டது. இன்னும் சில நிமிஷத்தில் துறையே வெடிக்கும். அபாயச் சங்கு ஊதியதும் இரும்புக் கொக்கிகள் தானாக இறங்கி எல்லாக் கப்பல்களையும் துறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டன. துறையின் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. கொக்கியோடு எஞ்சினைக் கிளப்பினால் கப்பல் இரண்டாகப் பிளக்கும்.

“கொக்கியக் கழட்டலாமுங்களா?” என்று நஞ்சப்பன் எழுந்தேவிட்டான்.

“கழற்றும் விசை ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. கேப்டனின் கைரேகைக்குத்தான் அது திறக்கும். பதினேழோ அதற்கு மேலோ விழ வேண்டும். ஒரே ஒரு தடவை. தவறினால்...” டொமினிக் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

ஜெயலீலா பகடையை எடுத்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பாக இருக்கலாம், ஒரு தாள்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்த நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடியும் ஜன்னலுக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

“பதினேழுக்கு மேல,” என்றான் ரூஃபஸ். “இல்லன்னா தாயம்.”

“தாயமே விழட்டும்,” என்று அவர் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பகடையைத் தேய்த்து, தாயக்கட்டை உருட்டுகிற மாதிரியே மேசையோடு சாய்த்து விட்டார். அது கத்தரிக்கோலில் முட்டி, என் பேனாவைச் சுற்றி, லேமினேட் தாளின் மேல் ஏறி நின்றது.

ஒன்று.

“தாயம்!”

நாங்கள் போட்ட சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பியது. நஞ்சப்பன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் விட்டான்; மாட்டுச் சந்தையில் விடும் விசில். ரூஃபஸ் மனைவியைத் தூக்கிவிட்டான். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். விலகிப் பார்த்தால் கொம்புக்காரர். அவரும் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

டொமினிக் மட்டும் அசையவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் குரலில் கேட்டார்: “நண்பர்களே... ஒன்று விழுந்தால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே! கப்பல் கிளம்பும்!” என்றான் ரூஃபஸ், மனைவியை இன்னும் இறக்காமல்.

டொமினிக் தன் புத்தகத்தைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார். பக்கம் முப்பத்தொன்று. நாங்கள் நாலு பேரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டி அந்தப் பக்கத்தை முதல்முறையாகப் படித்தோம். ரூஃபஸ் மெல்ல மனைவியைக் கீழே இறக்கினான்.

“ஒரு வருஷமா?” என்று கேட்டார் டொமினிக்.

“ஒரு வருஷமா,” என்றான் ரூஃபஸ்.

“இருபதுக்கு 'சே' சொன்னீர்களே, அது?”

“வீணாப் போச்சேன்னு.”

டொமினிக்கின் வயிறு குலுங்கத் தொடங்கியது. ஆனால் ஜெயலீலாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். ஒன்று விழுந்தால் நாசம் நிச்சயம். எந்த நாசம் என்பதற்குப் பக்கத்தின் அடியில் பத்து வரிகள் இருந்தன. பத்து முகப் பகடையைக் கேப்டனே உருட்ட வேண்டும். நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட வரிகளில் கேப்டன் உயிரோடு இல்லை.

“லேய், அந்தக் கேள்விய அன்னைக்கே அந்த நெட்வொர்க் பையன்கிட்ட கேட்டிருந்தா என்னவாம்?” என்றார் ஜெயலீலா கணவனிடம். கண் நிறைந்திருந்தது. “மானமாம் மானம்.”

“மறு ஆட்டம் இருக்குங்கக்கா,” என்றான் நஞ்சப்பன் அமைதியாக. “தாயம் போட்டா இன்னொருக்கா உருட்டோணும். அது நம்ம சட்டத்துலயும் அப்பிடித்தானுங்களே.”

அதற்குள் மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். கொம்புக்காரர் நஞ்சப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். “டாயம்,” என்றார் ஒருவர். “டா-யம், டா-யம்,” என்று மேசையைத் தட்டினார்கள். தன் கேப்டனைப் பறிகொடுத்த வெள்ளிமுகத்துக்காரர்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

ஜெயலீலா உருட்டினார்.

மூன்று.

தட்டுவது நின்றது. டொமினிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது வரியை வாசித்தார். நிறுத்தினார். மறுபடி மனசுக்குள் வாசித்தார். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அந்தச் சிரிப்பை அவிழ்த்துவிட்டார். வெகுநேரம் அவரால் பேச முடியவில்லை. ரூஃபஸ்தான் எட்டிப் பார்த்து வாசித்தான்:

“துறைக் கொக்கிகள் பிய்ந்து போகும். கப்பல் துறையிலிருந்து பிடுங்கப்பட்டு, ஓட்ட முடியாத நிலையில் வெளியே மிதந்து செல்லும்.”

யாருக்கும் ஒரு கணம் புரியவில்லை. முதலில் புரிந்தது கேப்டனுக்கு.

“வெளியயா?”

“வெளியேதான்,” என்றார் டொமினிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சரக்கு இறக்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கிற கப்பலுக்கு எழுதிய நாசம் இது. துறையை விட்டுப் பிடுங்கி எறிவதுதான் தண்டனை. புத்தகம் வந்த நாளிலிருந்து இந்தத் தண்டனையை யாரும் கெஞ்சிக் கேட்டதில்லை!”

“அதத்தானே நாங்க ஆரம்பத்துலேருந்து சொல்லுதோம்!” என்று ஜெயலீலா மேசையில் ஓங்கி அடித்தார். “தாயம் விழுந்தா கப்பல் கிளம்பும்!”

கப்பல் கிளம்பியது. டொமினிக் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையாலும் காட்டிக் கதையைச் சொன்னார்: கொக்கிகளோடு துறையின் ஒரு பாதிச் சுவரையும் பிய்த்துக்கொண்டு கப்பல் வெளியே தள்ளாடுகிறது, பக்கத்தில் டீக்கடை பாய்லரோடு ஆடுகிறது, கடை பெஞ்சில் நாலு கை அதிகாரி நாலு டம்ளரையும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் கெல்வின் துறை பூவாணம் போல் வெடிக்கிறது. வெடித்த வேகம் கப்பலைத் தள்ளிவிட, எஞ்சினே போடாமல், ஓட்டத் தெரியாத கேப்டனோடு கப்பல் எதிரிகளையும் தாண்டிப் போகிறது. சுடுவதா சிரிப்பதா என்று எதிரிகளுக்குத் தெரியவில்லை.

“கேப்டன், கடைசியாக ஏதாவது உத்தரவு?”

“அதிகாரிகிட்ட பழைய பாக்கிய வாங்குங்க,” என்றார் கேப்டன் சாந்தாமணி. “இனி அவரு எங்கயும் ஓட முடியாது.”

மூன்று மேசையிலும் பிழைத்த கேப்டன்கள் இரண்டே பேர். இன்னொருவருக்கு ஒரு காலும் கப்பலும் இல்லை. ஜெயலீலா கத்தரிக்கோலைத் தானே எடுத்துக்கொண்டு போய் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி நடந்துவந்த நடையில் ஹாலில் இருந்தவர்கள் தானாக வழிவிட்டார்கள்.

புத்தகம் இலையுதிர் காலத்தில் தபாலில் வந்தது. அந்தச் சனிக்கிழமை ரூஃபஸ் உறையைப் பிரிக்காமல் எங்களுக்காக வைத்திருந்தான். கேப்டன்கள் அத்தியாயத்தில் இரண்டாவது பெயர். சேலையும் ஸ்னீக்கர்ஸும் போட்ட ஒரு கோட்டோவியம். பேரம் ஒன்பது, பஞ்சாயத்து ஒன்பது, வரிசையில் நிறுத்துதல் பத்து. கப்பல் ஓட்டுதல், பூஜ்யம். ஊர், நாகர்கோவில் கிரகம்.

ஜெயலீலா இரண்டு தடவை வாசித்தார். “அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்துட்டு,” என்றார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே டைனிங் டேபிளில் நிறுத்தி வைத்தார்.

“முப்பத்தொண்ணாம் பக்கமும் இதுல இருக்கு,” என்றான் ரூஃபஸ். “இனி ஒழுங்கா ஆடலாமா? இருபதுன்னா நல்லது, ஒண்ணுன்னா கெட்டது?”

நாங்கள் மூவரும் கேப்டனைப் பார்த்தோம்.

“கப்பல் இப்ப எங்க நிக்கி?” என்று கேட்டார் அவர்.

“புதுத் துறை ஒண்ணுல. ரிப்பேருக்கு இழுத்துட்டு வந்திருக்காங்க.”

“அப்ப தாயம் விழட்டும்,” என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பகடையை உருட்டினார்.

இருபது.

“சே!” என்றோம் நாலு பேரும். நஞ்சப்பன் யாரும் சொல்லாமலே எழுந்து டீக்கடையைத் திறந்தான்.